பாதிக் கட்டணம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

திருவள்ளூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரைகளை மகள்தான் போனில் எடுத்துக் காட்டுவாள். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான், ஆனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்தாள். கணக்கில் 98, இயற்பியல் 80, வேதியியல் 84. கட் ஆஃப் 200க்கு 180 வருகிறது. ஏழாவது வரை தனியார் மெட்ரிக்கில் படித்தாள். கொரோனாவில் பட்டறை படுத்துவிட்டதால் எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை.

வெளியூரில் ஒரு டீம்டு யுனிவர்சிட்டி (நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) நடத்திய தேர்வை எழுதினாள். பி.டெக். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸுக்கு 50 சதவீதம் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் வந்திருக்கிறது. வருடம் 4 லட்சம் ஃபீஸில் நாங்கள் 2 லட்சம் கட்டினால் போதுமாம். ஹாஸ்டல், மெஸ் தனியாக 1 லட்சத்து 20 ஆயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் 50 ஆயிரம் கட்டினால்தான் சீட் நிற்கும் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 2 லட்சத்து 80 ஆயிரம் கையில் இருக்கிறது. மீதிக்கு அவர்களே பேங்க் லோன் ஏற்பாடு செய்து தருவார்களாம். இதை விட்டால் மறுபடி வராது என்கிறான் என் தம்பி.

மகளைக் கேட்டால் "உங்க இஷ்டம்ப்பா" என்கிறாள். ஆனால் அவளுக்கு பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கத்தான் ஆசை என்று அவளுடைய கணக்கு டீச்சர் சொன்னார். அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? அரசு கலைக் கல்லூரி, பாதிக் கட்டண டீம்டு, என்ஜினீயரிங் கவுன்சிலிங். இந்த மூன்றில் நீங்கள் என்றால் எதில் சேர்ப்பீர்கள்?

ம., திருவள்ளூர்

அன்புள்ள ம.,

ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்திருக்கிறார்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் பார்த்திருப்பீர்கள். 1,600 ரூபாய் என்று அச்சடித்து, அதன் மேல் கோடு கிழித்து 800 என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தச் சேலையை ஆனி மாதத்தில் 1,600க்கு வாங்கியவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. விலை வைத்தவரே பாதியைக் குறைத்தால் அதற்குத் தள்ளுபடி என்றுதான் பெயர். கல்லூரி வாசலில் மட்டும் அது ஸ்காலர்ஷிப் ஆகிவிடுகிறது. நல்ல மனதோடு ஏழைப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் அந்த 4 லட்சத்தை மறந்துவிடுங்கள். அது உங்கள் கண்ணுக்காக எழுதிய எண். நீங்கள் கட்டப்போவது வருடத்துக்கு 3,20,000. நான்கு வருடத்துக்கு 12,80,000.

கையில் இருப்பதை முழுவதும் போட்டாலும் 10 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை நீங்கள் ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக நான்கு முறை எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் ஐந்து வருட முடிவில் மூன்றரை லட்சம் ஏறி, கடன் 13.5 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 17,800 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அது கிடைத்தாலும் மாதம் 13,200. வேலையில் சேரும் பிள்ளைக்கு மூன்றரை லட்சம் 'பேக்கேஜ்' என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 சுமார். மீதியில் அவள் சென்னையிலோ பெங்களூரிலோ தங்கிச் சாப்பிட வேண்டும்.

"லோன் ஏற்பாடு செய்கிறோம்" என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வங்கிகளின் கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். அதற்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். 2024 நவம்பரில் அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையை வைத்து எடுத்த கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்குப் பிணை இல்லாமல் கடன் உண்டு. உங்கள் டீம்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர்கள் வாயால் கேட்டு நம்ப வேண்டாம்.

இவ்வளவு வட்டிக் கணக்கு ஏன் போடுகிறேன் என்றால், என் அக்கா மகள் கதை ஒன்று இருக்கிறது.

2009இல் அவளை அழைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்குப் போனேன். அப்போது இப்போதுபோல வீட்டிலிருந்து ஆன்லைனில் கல்லூரி விருப்ப வரிசை போட முடியாது. நேரில் போக வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரை. ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் குறித்து வைத்திருந்த கல்லூரியில் சிவில் 7 என்று இருந்தது. குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்போது 4. எங்கள் முறை வருவதற்குள் 0. அக்கா மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மிச்சம் இருந்த இடங்களில் ஒன்றும் பிடிக்காமல் வெளியே வந்தோம். கேட் வாசலில் வெயிலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "சிவில்தானே சார், நம்மகிட்ட இருக்கு, இந்த மார்க்குக்கு கன்செஷனும் உண்டு" என்றார். எங்களுக்கு அது சாமி வாக்கு மாதிரி கேட்டது. மூன்றாம் நாள் பணம் கட்டிவிட்டோம்.

முதல் செமஸ்டரில் அவளுக்கு மஞ்சள் காமாலை. என்ஜினீயரிங் கிராபிக்ஸில் அரியர் விழுந்தது. அடுத்த பரீட்சையிலேயே பாஸ் செய்தாள், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டு வந்தபோது கன்செஷன் என்ற வரியே காணோம். ஆபீஸில் போய்க் கேட்டால் எங்கள் கடிதத்தையே எடுத்து, கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அரியர் இருந்தால் சலுகை ரத்து. அதில் என் கையெழுத்தும் இருந்தது, சாட்சியாக. அக்காவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. கல்விக் கடனும் கூடுதலாக ஏறிற்று.

அது கூடப் போகட்டும். அவளுக்கு கிண்டியில் நீர்வள மையத்தில் எம்.இ. சேர வேண்டும் என்று ஆசை. ஏரி, மதகு, கலிங்கு என்று பைத்தியமாக அலைந்த பெண். எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்விலும் தேறினாள், மாதாமாதம் உதவித்தொகையோடு படித்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் தவணை தொடங்க வேண்டும். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போனாள். 2021இல் கடன் முடிந்தது என்ற வங்கிச் சான்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவள் என்ன வேலைக்குப் போக வேண்டும் என்பதை நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடன் முடிவு செய்துவிட்டது. உங்கள் தம்பி 'சீட்' என்பதை மட்டும் பார்க்கிறார். நானும் அன்று அப்படித்தான் பார்த்தேன்.

உங்கள் கடிதத்திலும் அந்த எறும்பு வரி இருக்கும். தேடுங்கள். சராசரி இவ்வளவுக்குக் குறையக் கூடாது, அரியர் கூடாது, வருகைப்பதிவு இவ்வளவு என்று ஏதாவது ஒன்று. இரண்டாம் ஆண்டில் சலுகை போனால் மூன்று வருடத்துக்கு மேலும் 6 லட்சம்.

இனி கவுன்சிலிங். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டே வருடத்தில் அது தப்பிவிட்டது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே கதைதான். படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. ஒன்று மட்டும் பாருங்கள். மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் இலவச இடத்தில் சேர்த்திருந்தீர்களா? அப்படி எட்டாவது வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இந்த ஒதுக்கீட்டில் வழி உண்டு. ஏழாவதோடு மாறியவளுக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

ஆனால் முதல் பட்டதாரி சான்றிதழ் உங்களுக்கு நிச்சயம் உண்டு. இ-சேவையில் உடனே விண்ணப்பியுங்கள். அதற்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், டீம்டுக்குப் போனால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. கவுன்சிலிங்கில் வரும் தனியார் கல்லூரி இடங்களுக்கு, தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் ஆண்டுக்கு 55,000 என்று கட்டணக் குழு 2017இல் வகுத்தது. பஸ், அது இது என்று மேலே சேர்ப்பார்கள். தாராளமாக வருடத்துக்கு ஒரு லட்சம் என்றே வையுங்கள், நான்கு வருடத்துக்கு நான்கு லட்சம். இதில் பெண் பிள்ளைகளுக்கான பிரகதி உதவித்தொகை வேறு இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) கொடுப்பது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 50,000. மதிப்பெண் வரிசையில்தான் கொடுப்பார்கள், கிடைக்கும் என்று நம்பி வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிடைத்தால் லாபம். 180 கட் ஆஃபுக்கு உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எது கிடைத்தது என்று பழைய பட்டியலை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஊர் பெயர் சொல்லும் கல்லூரியில் ஏதோ ஒரு பாடமா, சுமாரான கல்லூரியில் பிடித்த பாடமா என்ற கேள்வி அங்கே வரும். நான் பாடத்தின் பக்கம்.

பாடம் என்று வரும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. டேட்டா சயின்ஸ் என்று 12 லட்சத்துக்கு விற்கிறார்களே, அதன் முதுகெலும்பே புள்ளியியல். உங்கள் மகள் கணக்கு டீச்சரிடம் சொன்னதும் அதைத்தான். உங்களுக்குத் தெரிந்த தெருவில் புள்ளியியல் படித்தவர் யாரும் இல்லை என்பதால் வேலை இல்லை என்று நினைக்கிறீர்கள். மத்தியத் தேர்வாணையம் இந்தியப் புள்ளியியல் பணி என்று தனித் தேர்வே நடத்துகிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்தவர்களுக்கானது, பி.டெக். காரர்கள் கூட்டமாக வந்து முட்டும் இடமில்லை. டி.என்.பி.எஸ்.சி.யிலும் புள்ளியியல் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். மருந்து கம்பெனிகளின் சோதனைகள், காப்பீடு, வங்கிகளின் கடன் பிரிவு, இங்கெல்லாமும் ஆள் தேவை.

ஒளிக்காமல் சொல்கிறேன், வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கஷ்டம். மேலே இரண்டு வருடம் படித்தே ஆக வேண்டும், ஆக மொத்தம் ஐந்து வருடம். கூடவே ஆர், பைத்தான் போன்ற கணினி மொழிகளை அவளாகவே பழக வேண்டும், அரசுக் கல்லூரியில் யாரும் பின்னால் நின்று விரட்ட மாட்டார்கள். ஆனால் மேலே படிப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்குத் தனித் தாளே இருக்கிறது. 1931இல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம், எம்.ஸ்டாட். என்ற புள்ளியியல் முதுநிலைப் படிப்பு மாணவர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் படிக்கவைத்த இடம். இதற்கெல்லாம் போக வேண்டுமென்றால் 21 வயதில் தலையில் தவணை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். நடக்கிற தூரத்தில், கடற்கரைக்கு எதிரே மாநிலக் கல்லூரி. அங்கே புள்ளியியல் துறை உண்டு. கட்டணம் சில ஆயிரங்களில் முடியும், மற்றபடி சீசன் டிக்கெட்தான். பன்னிரண்டாம் வகுப்பில் மேல்தட்டு மதிப்பெண் வாங்கிய, வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 12,000 கொடுக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அதற்கும் விண்ணப்பியுங்கள்.

நான் என்றால் எதில் சேர்ப்பேன் என்று கேட்டீர்கள். கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் முதலில் அதைப் பிடித்து வைப்பேன். கவுன்சிலிங் வரிசையையும் போடச் சொல்வேன். அங்கே நல்ல இடமாக வந்தால் கலைக் கல்லூரியில் கட்டிய சில ஆயிரம் போனால் போகட்டும். டீம்டு மூன்றாவது. தப்பித்தவறிப் பணம் கட்டினாலும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதியே போட்டிருக்கிறது.

நான் சொல்வதை விட உங்கள் மகள் சொல்வது முக்கியம். "உங்க இஷ்டம்ப்பா" என்றால் அவளுக்கு இஷ்டம் இல்லை என்று அர்த்தம் இல்லை. அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியாததால் வாயைத் திறக்கவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்ததால். எதுவாக இருந்தாலும் மறைத்து எழுதிய இந்தக் கடிதத்தை அவளிடமே காட்டுங்கள். சீட்டுப் பணம் எவ்வளவு, மாதம் பட்டறையில் என்ன நிற்கிறது, 17,800 எப்படி வந்தது, எல்லாவற்றையும் அவளையே ஒரு நோட்டில் போடச் சொல்லுங்கள். கணக்கில் 98 வாங்கிய பெண், அரை மணி நேரத்தில் போட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்காரர் போன் செய்வார். அவளையே எடுக்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இதே ஐம்பது சதவீதத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டும் அது தொடர்கிறது? மின்னஞ்சலில் பதில் அனுப்புவார்களா? என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.