பெல் தேற்றத்துக்குப் பிறகும் போம் கொள்கை நிற்பது எப்படி?

குவாண்டம் இயற்பியலில், பெல் தேற்றம் நியதிவாதத்தையே (நடப்பதெல்லாம் முன்நிலையால் தீர்மானமாகிறது என்பதையே) ஒழித்துவிட்டதென்றால், 1952-ல் இயற்பியலாளர் டேவிட் போம் தந்த நியதிக் கொள்கை எப்படித் தப்பியது என்று கேட்டிருந்தீர்கள். அளவீட்டின் விடையை நமக்குத் தெரியாத மறைந்த அளவுகள் தீர்மானிக்கின்றன என்பவை மறைமாறிக் கொள்கைகள். 1964-ல் இயற்பியலாளர் ஜான் பெல் மறுத்தது, அவற்றுள் தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்காது என்று வைத்துக்கொள்பவற்றை மட்டும்தான். போம் அப்படி வைத்துக்கொள்ளவே இல்லை. சொல்லப்போனால் பெல்லே போமின் பக்கம் பேசியவர்.

சரி, அளக்கும் விதத்தைச் சாராமல் துகளின் எல்லாப் பண்புகளுக்கும் முன்கூட்டியே விடை இருக்க முடியாது என்னும் கோக்கென்–ஸ்பெக்கர் தேற்றம்? அதுவும் இடிக்காது. மேல், கீழ் இரண்டுக்கும் சம வாய்ப்புள்ள ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) நிலையில், துகள் தன்னை நடத்தும் அலைத்திரளான அலைப்பொட்டலத்தின் மேல்பாதியில் இருந்தால், துகள்களை ஸ்பினுக்கேற்பப் பிரிக்கும் ஸ்டெர்ன்–கெர்லாக் காந்தத்தில் மேலேதான் போகும். காந்தப்புலச் சரிவைத் தலைகீழாக்கினாலும் மேலேதான். ஆனால் இப்போது அதைக் 'கீழ் ஸ்பின்' என்று குறிப்போம். ஆக ஸ்பின் விடை துகளுக்குள் மட்டும் இல்லை, கருவியையும் சேர்த்துத்தான். எனக்கு உறுத்துவதெல்லாம், போம் கொள்கையில் வரும் அந்தத் தொலைவின் உடனடிப் பாதிப்பைச் சார்பியலோடு பொருத்துவதுதான்.