கேள்வி பதில்: தகவல் பெருக்கமும் நம் கவனமும்
(பதிலளிப்பவர்: கொழும்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நூலகர்)

கேள்வி (வெள்ளவத்தை, இல்லத்தரசி): வகுப்பு, டியூஷன், மாடிக்குடியிருப்பு என்று பல வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். விலகினால் முக்கிய அறிவித்தல் தவறிவிடுமோ என்று பயமாக உள்ளது.

பதில்: விலக வேண்டாம், அம்மா. குழுக்களின் ஒலியை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, பிள்ளையின் புத்தகப் பையை அடுக்கும் வேளையில் ஒருமுறை திறந்து ஆசிரியரின் செய்தியை மட்டும் படியுங்கள். அதன் கீழே வரிசைகட்டி நிற்கும் ‘நன்றி டீச்சர்’களை யாரும் படிப்பதில்லை, எழுதியவர்களும் படிப்பதில்லை.

கேள்வி (கொட்டாஞ்சேனை, கணக்காளர்): மின்னஞ்சல்களுக்கு உடனுக்குடன் பதில் அனுப்பியும் மாலைக்குள் வேலை முடிவதில்லையே, ஏன்?

பதில்: உடனுக்குடன் பதில் அனுப்புவதே காரணமாக இருக்கலாம். தகவல் பெருகப் பெருகக் கவனம் வறுமைப்படும் என்று பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971இலேயே சுட்டிக்காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை முகாமைத்துவ ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆய்வுசெய்து எழுதினார். வங்கிக் கூற்றைப் பேரேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கையில் ஓர் அஞ்சலைத் திறந்துவிட்டுத் திரும்பினால், எந்த வரியில் விட்டோம் என்று தேடவேண்டியிருப்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே காலையிலும் மதிய உணவுக்குப் பின்னரும் வேலை முடியுமுன்னரும் மட்டும் அஞ்சலைத் திறப்பதாக மேலாளரிடம் முன்கூட்டியே கூறி, அவசரமெனில் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். அழைத்துச் சொல்லும் அளவுக்கு அவசரமானவை மிகச் சிலவே என்பது விரைவில் புலப்படும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, ஓய்வூதியர்): மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கைகள் வந்து குவிகின்றன. எதை நம்புவது?

பதில்: செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது, ஐயா. அத்தகைய செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. திகதியும் இடமும் இல்லாத எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள். கடந்த ஆண்டு வெள்ளம் இந்த ஆண்டும் அப்படியே சுற்றி வரும். வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள். ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள்.

கேள்வி (தெஹிவளை, உயர்தர மாணவர்): ஒரே பாடத்துக்குப் பலர் அனுப்பிய பிடிஎஃப் குறிப்புகள் தொலைபேசி நிறைய இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நூல்களை வாங்குவது போலவே கழிப்பதும் நூலகரின் வேலைதான், தம்பி. உங்கள் ஆசிரியரின் குறிப்பையும் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை இன்றே அழித்துவிடுங்கள்.