பக்கத்துப் பள்ளியா, எல்லாத் தெருவும் சேரும் பள்ளியா?

களக்காடு பக்கம் ஊருக்குள் ஒரு பள்ளி, வாய்க்காலுக்கு அந்தப்புறம் ஒன்று. எல்லாச் சாதித் தெருப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் கலக்கலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரே சண்டை என்றீர்கள் அண்ணாச்சி. நான் வயதைப் பார்த்துதான் முடிவு செய்வேன். கல்வி உரிமைச் சட்ட விதிகளே தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ஐந்தாவது வரை பக்கத்திலேயே படிக்கட்டும், ஆறாவதிலிருந்து கலக்கலாம்.

ஆனால் நடக்கப்போவது யார்? காலனிப் பிள்ளைகள் மட்டும் வேகாத வெயிலில் பை தூக்கி வருவதாக முடிந்துவிடக் கூடாது. மழைக்கு வாய்க்கால் பாலம் தாங்குமா, அதையும் பாருங்கள்.

அப்புறம், கட்டடம் ஒன்றானால் போதாது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. கையில் சாதிக் கயிறு கூடாது என்றது. உங்கள் பள்ளியில் இப்போது பெஞ்சு எப்படி? அடுத்த கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.