பழைய வின்செஸ்டரைப் புதுப்பிக்கும்போது: கேள்வி பதில்

கே: என்னிடம் இருப்பது 1950-களின் வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் துப்பாக்கி. அதன் மரக்கட்டையில் வார்னிஷ் உரிந்து, அங்கங்கே பள்ளம். உப்புத்தாள் போட்டு இழைத்துவிடலாமா?

ப: வேண்டாம். இரும்போடு சேரும் இடத்தில் மரம் மயிரிழை உயரமாக நிற்கும். தேய்த்தால் அது இரும்பைவிடத் தாழ்ந்துவிடும். திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பெயின்ட் ரிமூவர் பூசி, வார்னிஷ் இளகியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழியுங்கள். பிடியில் வெட்டிய கட்டக்கோடுகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். பள்ளத்தின்மேல் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையை வையுங்கள். நசுங்கிய நார் நீராவியில் எழும்பிவிடும். நார் அறுந்த வெட்டு எழும்பாது. அது துப்பாக்கியின் வயது, இருக்கட்டும்.

கே: ரிசீவருக்கு (குழல் பொருந்தும் இரும்பு உடலுக்கு)ப் பின்னால் மரம் கறுத்திருக்கிறதே?

ப: குழல் மேல்நோக்க நிறுத்தி வைத்ததால் வழிந்த எண்ணெய். ஊறிய மரம் மெத்தென்றாகி, உதைப்பில் விரிசல் விடும். கால்சியம் கார்பனேட் தூளை அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். தூளில் கறை ஏறுவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். திறந்தவெளியில்தான், அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும்.

கே: எந்த எண்ணெய் பூசுவது?

ப: பாயில்டு லின்சீட் அல்லது டங் எண்ணெய். மிக மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். இப்படி ஏழெட்டுப் பூச்சு. கனமாகப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. குழல் உட்காரும் பள்ளத்திலும் பட் தகட்டின் (தோளில் படும் பின்முனைத் தகட்டின்) அடியிலும் பூசத் தவறாதீர்கள்; அங்கே ஈரம் ஏறினால் மரம் முறுக்கி, குறி நகரும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கே: இரும்பைத் துருவிலிருந்து காக்கும் நீலக்கறுப்பு மேற்பூச்சுக்கு (நீலப்பூச்சு) சூடான உப்புத் தொட்டியா, துருமுறையா?

ப: தொட்டியில் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் காரக் கரைசல் இருக்கும். அது ஈயப்பற்றை அரிக்கும். ஈயத்தால் பற்றவைத்த முன்குறியோ (குழல் முனையில் குறிபார்க்கும் முள்) இரட்டைக்குழலோ இருந்தால் துருமுறைதான். எண்ணெய்ப் பசை முற்றிலும் நீக்கி, துருக்கரைசலை ஒரே இழுப்பாகப் பூசி, ஈரப் பெட்டியில் சில மணி நேரம் வையுங்கள். மெல்லிய செந்துரு படிந்ததும் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அது கறுப்பு ஆக்சைடாக மாறும். எண்ணெய்ப் பசையில்லாத, மிக நுண்ணிய 0000 ஸ்டீல் உல்லால் தேய்த்து, மறுபடி ஆறேழு சுற்று. விரல் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது, கையுறை கட்டாயம். ஆனால் பெரும்பாலான சேதம் அதற்கு முன்பே, பாலிஷ் சக்கரத்தில் நடந்துவிடுகிறது: விளிம்பு மழுங்கும், திருகு ஓட்டை குழியும், எழுத்து கரையும். தட்டைக் கட்டையில் சுற்றிய தாளால் கையாலேயே, நீளவாக்கில் தேய்க்கச் சொல்லுங்கள்.

கே: ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி), உதைப்பைத் தாங்கத் தோள்பக்கம் வைக்கும் ரப்பர் மெத்தையும் பொருத்தலாமா?

ப: உங்கள் மாடலில் ஸ்கோப் துளைகள் தொழிற்சாலையிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல் 70-இல் பின்பாலத்தில் (ரிசீவரின் பின்பக்க மேற்பகுதியில்) இருக்காது. அதில் புதிதாகத் துளைக்காதீர்கள். ரப்பருக்காகக் கட்டையை அறுக்கவும் வேண்டாம். மாட்டிக் கழற்றும் தோலுறை போதும்.

கே: இன்னொன்று ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள், ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்தது, வரிசை எண் 6 லட்சத்துச் சொச்சம். புதுப்பித்துச் சுடலாமா?

ப: புதுப்பியுங்கள், சுடாதீர்கள். அந்த ஆயுதசாலையின் 8 லட்சத்துக்குக் கீழான ரிசீவர்களில் எஃகின் சூட்டைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். சில அளவுமீறிச் சூடேறி உடையும் தன்மை பெற்றன. மறுபடி சூடுபடுத்திப் பதமாக்கினாலும் அது சரியாகாது.