பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மரவேலை சொல்லிக்கொடுங்கள் என்று நச்சரிக்கிறாள். எதில் தொடங்கலாம்?

பதில்: ரம்பத்தில் வேண்டாம், ஆணி அடித்து நூல் சுற்றும் ஆணிப் பலகையில் தொடங்குங்கள். 2 செ.மீ. தடிமனில் பைன் மாதிரி மிருதுவான மரத்துண்டு ஒன்று போதும். தேக்கெல்லாம் பிள்ளைக் கைக்கு மசியாது. முதலில் சொரசொரப்பான 80ஆம் எண் உப்புத்தாள், அப்புறம் நைசான 120. மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். வழுவழுப்பு போதுமா என்பதை அவளே தடவிப் பார்த்துச் சொல்லட்டும்.

பிறகு அவள் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் பெரிதாக எழுதி, கோட்டின்மேல் விரற்கடை விட்டு விட்டு ஓரங்குல ஆணிகளை அடிக்கச் சொல்லுங்கள். பாதி ஆணி வெளியே நிற்கட்டும். கலர் நூலை ஆணிக்கு ஆணி இழுத்துச் சுற்றினால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஆணியை விரலால் பிடிக்கவே கூடாது. துணி மாட்டும் கிளிப்பால் பிடித்தால் குறி தப்பினாலும் அடி கிளிப்புக்குத்தான். பலகை பிளந்தால், ஆணியின் கூர்முனையை லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். பொம்மைச் சுத்தியலைக் கண்டாலே எனக்கு எரிச்சல்: ஆணி இறங்காது, கோபம்தான் ஏறும். சின்னதாக நிஜச் சுத்தியலே கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இருவருக்கும்.

கேள்வி: பழைய ஜன்னல் பலகை கிடக்கிறது. அதை எடுக்கலாமா?

பதில்: பெயின்ட் அடித்ததென்றால் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தேய்த்தால் தூசியாகி மூச்சோடு உள்ளே போகும்.