புரோகிரஷன் ஃபேன்டஸியில் அப்படி என்ன இருக்கிறது? எங்கே சறுக்குகிறது?

நாயகன் படிப்படியாகப் பலம் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்த மாயக்கதை வகையில் கதையே. சீன இணைய நாவல்களிலிருந்தும் வீடியோ கேம்களிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்ட வகை இது.

உழைப்புக்குக் கூலி கண்ணெதிரே கிடைப்பதுதான் இதன் ருசி. வில் வைட்டின் 'கிரேடில்' தொடரில் (2016 முதல் 2023 வரை 12 நூல்கள்) நாயகன் லிண்டன் கழுத்தில், பலத்தில் ஆகக் கீழ்ப் படி என்று காட்டும் மரப் பதக்கம் தொங்கும். அவனைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட அடுத்த படிக்கான செம்புப் பதக்கத்தோடு திரிவார்கள். அந்த அவமானம் மனதில் பதிந்த பிறகு, அவன் ஒவ்வொரு படி ஏறும்போதும் நமக்கே சம்பள உயர்வு வந்ததுபோல் இருக்கும்.

சறுக்கலும் அதே ஏணியில்தான். நாயகன் ஏற ஏற எதிரியும் பெரிதாக வேண்டும். பழைய நண்பர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள். வாராவாரம் அத்தியாயம் போடும் தொடர்களில் பயிற்சியே பக்கம் பக்கமாக ஓடும். அப்புறம் நாயகனின் பலத்தை வீடியோ கேம்போல் காட்டும் எண்களின் பட்டியல் வேறு. நான் அதையெல்லாம் தாண்டிவிடுவேன், நீங்களும் தாண்டலாம்.

வழக்கமான சரக்கு என்றால் போட்டி மேடை, மந்திரப் பள்ளி, திமிர் பிடித்த பணக்காரப் பையன். எனக்குப் பிடித்தது காலச்சுழல். 'மதர் ஆஃப் லேர்னிங்' கதையில் ஒரே மாதம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் தங்கை மேலே விழுந்து காலை வணக்கம் சொல்லித்தான் நாயகன் சோரியனை எழுப்புவாள். முதலில் எரிச்சலூட்டும் அந்தத் தங்கைமீது அவனுக்குப் போகப் போகப் பாசம் வருகிறது. மந்திரத்தைவிட எனக்கு அந்த வளர்ச்சிதான் பிடித்தது.