கீமோ நடக்கும்போது நித்தியகல்யாணி கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாராவாரம் பேக்லிடாக்சல் கீமோ ஏறுகிறது. "நித்தியகல்யாணியில இருந்துதான் புற்றுநோய்க்கு மருந்தே எடுக்கிறாங்க" என்று பெரியப்பா அதன் இலையையும் பூவையும் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னார். மஞ்சள், மிளகுச் சத்து சேர்ந்த காப்ஸ்யூலும் வாங்கி வந்தார். நான்கு நாட்களாகக் கொடுத்து வருகிறோம். தொடரலாமா?

பதில்: வேண்டாம். இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

பெரியப்பா சொன்ன தகவல் உண்மைதான். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோதோ வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று வந்து இறந்தன. அந்த நச்சுத்தன்மையைத் துரத்திப் போய்த்தான் வின்பிளாஸ்டின் கிடைத்தது, அப்புறம் வின்கிரிஸ்டின். ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகள் இன்று பிழைத்திருப்பதில் வின்கிரிஸ்டினுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கே வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை, அதுவும் ரத்தநாளத்தில் ஏற்றும் ஊசியாக மட்டும்தான். குடித்தால் அது உடலில் சரியாகச் சேராது. ஒரு டம்ளர் கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கிறது, கூடவே வேறு என்னென்ன இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி மாறும். கட்டியைச் சுருக்க அது போதாது. வயிற்றையும் நரம்பையும் கெடுக்கக்கூடும்.

இன்னொன்றும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஏறும் பேக்லிடாக்சலும் தாவரத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் யூ மரத்தின் பட்டையில் கண்டெடுத்து, 1971இல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டார்கள். புற்றுநோய்க்கான மருந்தாக அனுமதி கிடைக்க 1992 ஆயிற்று. இந்த ஆண்டுகளில் ஒரு பகுதி, எந்த அளவில், எத்தனை நாளைக்கு ஒருமுறை கொடுத்தால் மனித உடல் தாங்கும் என்று கண்டுபிடிக்கப் போனது. மூலிகையின் பலன் அம்மாவுக்கு ஏற்கெனவே அளந்து கிடைத்துக்கொண்டிருக்கிறது.

காப்ஸ்யூல்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. ஆனால் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும். அதற்காகத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் தடுக்கக்கூடியது. பேக்லிடாக்சலும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அது உடலில் அதிக நேரம் தங்கினால் பக்கவிளைவு கூடலாம். இப்படிப்பட்ட காப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் ரசத்தில் தட்டிப்போடும் மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

நான்கு நாள் கொடுத்ததை அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். காப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துப் போங்கள். ரத்த அணுக்களோடு கல்லீரல் பரிசோதனையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். கை கால் மரத்துப்போவது கூடினாலோ, மலச்சிக்கலோ வாந்தியோ விடாமல் இருந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெரியப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. அதைத் தள்ளிவிடாதீர்கள். கீமோ அன்று அம்மாவுடன் வந்து உட்காரச் சொல்லுங்கள். அப்படியே டாக்டரிடம் அவரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.